முறுமுறுக்காதவள்

அம்மாவை அடக்கம் செய்த அன்று எங்கள் சபைப் போதகரான ஐயர் தன் பிரசங்கத்தில், "ஒருநாளும் முறுமுறுக்காத தாயார்" என்றார். கோயிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்திருப்பேன், அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் தலையசைக்கிற நிலையில்தான் இருந்தேன். ஐயர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சேகரத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். அவர் பார்த்ததெல்லாம் எண்பதைத் தாண்டிய ஒரு கிழவியை: தூணோரம் பாயில் உட்கார்ந்து, பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, காணிக்கைப் பை வரும்போது முந்தானை முடிச்சை அவிழ்க்கிற கிழவி. ஆனால் அந்தச் சொல் என்னோடு பஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டது. ஒரு வருடமாகப் போக மறுக்கிறது. இப்போது கல்லறைக்குக் கல் வைக்க வேண்டிய நேரம். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரியில், பெயருக்கும் வருடங்களுக்கும் கீழே, அதே சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முறுமுறுப்பு வேதப் புத்தகத்துச் சொல். எகிப்திலிருந்து புறப்பட்ட ஜனங்கள் வனாந்தரத்தில் தண்ணீருக்கும் இறைச்சிக்கும் மோசேயிடம் செய்த வேலை அது. எங்கள் வீட்டில் அது சோற்றுத் தட்டுக்கு முன்னால் புழங்கியது. "இன்றைக்கும் கருவாட்டுக் குழம்புதானா?" என்று நானோ தம்பியோ இழுத்தால், "முறுமுறுக்காமல் சாப்பிடு, எய்யா. முறுமுறுத்தவன் எவனும் கானானைக் கண்ணால் பார்க்கவில்லை" என்பாள் அம்மா. குழம்பில் கருவாடு எங்கே இருக்கிறது என்று தேடுகிற எங்களுக்கு, கானான் எங்கே இருந்தால் என்ன? ஆனால் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. முறுமுறுப்பு ஒரு பாவம் என்று உண்மையாகவே நம்பினாள். அதனால்தான் எனக்கு இந்த உறுத்தல். அவள் முறுமுறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்காமல், ஏறக்குறைய மூன்று மாதம்.

தேவரீரும் நீரும்

மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் 192 அடி. ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயில். எங்கள் ஊரின் மேட்டில் நின்றாலே பனங்காட்டுக்கு மேலே கோபுரத்தின் முனை தெரியும். பனை உச்சியில் நின்றால் கோபுரம் தன் கண்மட்டத்துக்கு வரும் என்று அப்பா பெருமையடிப்பார். சுத்தப் பொய். பனை அதில் பாதி வளர்ந்தாலே அதிகம். பங்குனி பிறந்தால் அப்பா பனையில் இருப்பார், அம்மா விடிலியில் இருப்பாள். பதநீர் காய்ந்து பாகாகும் வரை அடுப்பை விட்டு நகர முடியாது. ஓலைக்கூரைக்குள் புகை, ஆவி, குளவிகள். கொதி பொங்கும்போது அகப்பையால் துழாவிக்கொண்டே அவள் உதடுகள் அசையும். பாகு பதமாகிவிட்டதா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாள். அந்த நேரம் மட்டும் உதடு நிற்கும். பதம் தப்பினால் கருப்பட்டி இளகிப்போகும், வியாபாரி விலையைக் குறைப்பான். சிரட்டைகளில் ஊற்றி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஜெபம் தொடரும்.

இரவில் குடும்ப ஜெபம். நான் வேதம் வாசிக்க வேண்டும், அம்மா ஜெபிக்க வேண்டும், அப்பா தூங்க வேண்டும். அப்படித்தான் பிரித்திருந்தோம். விடியுமுன் பனை ஏறுகிறவரை யாரும் எழுப்பத் துணிய மாட்டோம். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேவரீருடைய சமுகத்தில் அடியாள்..." என்று ஆரம்பிப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வேதப் புத்தகத்திலிருந்துதான். கிருபை, ஒத்தாசை, சமுகம், இரட்சிப்பு எல்லாம் அவள் வாயில் உப்பு, புளி, மிளகாய் போலச் சரளமாக வரும். அங்கிருந்து மெல்ல இறங்கி ஊருக்குள் வருவாள். பெரியம்மாவின் கண் புரை, உபதேசியாரின் மகள் கல்யாணம், கடைசி பஸ்ஸின் டிரைவர், ஈன்று இரண்டு நாளான பக்கத்து வீட்டு மாடு. பிறகு தோர்ணக்கல். அப்போது ஆந்திரத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லை அவள் ஏதோ சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் மாதிரிச் சொல்வாள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நம் ஆட்களே நம் காசில் அங்கே ஊழியத்துக்குப் போன நாள் முதலாக, எங்கள் பக்கத்துப் பெண்களின் ஜெபத்தில் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. திருச்செந்தூரைத் தாண்டாதவர்கள் கைப்பிடி அரிசி எடுத்து வைத்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒன்று உண்டு. வேதாகமத்தில் கடவுளை 'நீர்' என்று அழைப்பதை மற்ற ஊர்க்காரர்கள் பழந்தமிழ் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது டீக்கடைத் தமிழ். "என்னவே, உம்மைக் காணவே இல்லை" என்று இன்றும் கேட்கிற ஊர். பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம், "நீர் போன வாரம் தந்த புளியில் பாதி கொட்டை" என்று சொன்ன அதே வாயால்தான் அம்மா, "நீர் அறிவீர் ஆண்டவரே" என்றும் சொன்னாள். 'தேவரீர்' என்று தொடங்கும்போது அவள் கோயிலில் நிற்பாள். 'நீர்' வந்ததும் கடைவாசலுக்கு வந்துவிடுவாள்.

கல்லூரிக்குப் போனதும் இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பாளையங்கோட்டை விடுதியில் நண்பர்களிடம், "எங்கள் அம்மா கடவுளோடு பற்றுவரவு வைத்திருக்கிறாள்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். கைப்பிடி அரிசி முன்பணம், பொருத்தனை ஒப்பந்தம், சுகம் கிடைத்தால் சரக்கு வந்து சேர்ந்தது என்று விரித்துச் சொல்வேன். கெட்டிக்காரத்தனம் பண்ணுகிற வயது. அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை நான் அவர்களிடம் காட்டவில்லை.

பொருத்தனை ஆடு ஒன்று

1979 ஆவணி. அப்போது தூத்துக்குடி மாவட்டமே பிறக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு ஆறு. காய்ச்சல், அதன்மேல் வலிப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் நாள் இரவு ஆஸ்பத்திரித் திண்ணையில் அம்மா ஒரு பொருத்தனை செய்தாள் என்பது மட்டும் இங்கே தேவை. எங்கள் வீட்டுக் கருப்பி ஈன்ற குட்டிகளில் நெற்றியில் வெள்ளை விழுந்த கிடா ஒன்று இருந்தது. பிள்ளை பிழைத்து வந்தால் அதைக் கோயில் விருந்தான அசனத்துக்குத் தருகிறேன் என்றாள். ஆறாம் நாள் தங்கையைப் பாயில் சுற்றி வாடகைக் காரில் கொண்டுவந்தோம்.

துக்கம் கேட்க வந்தவர்களில் வெளியூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் தோலுறை போட்ட வேதாகமம். அவர்களில் மூத்தவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தில் மறைந்திருக்கிற ஏதோ பாவம் இருக்கலாம், ஆராய்ந்து பார் என்றார். அம்மா அவருக்குக் கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். "கோழி நெல்லைக் கொத்துகிறது" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போனவள் அவர்கள் கிளம்பும் வரை திரும்பி வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் நெல்லே காயவில்லை.

ஐப்பசியில் எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. காலை ஆராதனை முடிந்ததும் அசனம். அடுப்பு வெட்டி, வார்ப்புகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பொங்கி, ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காரும். அதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா அந்தக் கிடாவின் கழுத்தில் கயிறு கட்டினாள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பிள்ளை எங்கே? எதற்காக ஆடு?" என்றார். அப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது வாழ்க்கையில் இரண்டே முறை. அது ஒன்று. அம்மா அவரைப் பார்க்காமல், "ஆட்டுக்குப் பெயர் சொல்லியாகிவிட்டது" என்றாள். அப்பா விலகினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். கோயில் காம்பவுண்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் நோட்டில் எழுதினார்: பொருத்தனை ஆடு 1. பெயர் கேட்டார். அம்மா தங்கையின் பெயரைச் சொன்னாள். அவர் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு எழுதினார். மறுநாள் அம்மா பந்தியில் உட்காரவில்லை. குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பந்தி வரை பரிமாறினாள்.

பிள்ளை பிழைத்தால் ஆடு என்பதுதானே பேச்சு. பிள்ளை பிழைக்கவில்லை, ஆடு போய்விட்டது. இந்தக் கணக்கை விடுதி நண்பர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். சிரிக்க வைப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நீ ஜெபம் பண்ணு, எய்யா

அடக்கம் முடிந்த நாள் இரவே அது ஆரம்பித்தது. நான் வாசித்து முடித்தேன். அம்மா செருமுவதற்காகக் காத்திருந்தேன். செருமல் வரவில்லை. சிமினி விளக்கைப் பார்த்துக்கொண்டு முட்டுக்கால் போட்டபடி இருந்தாள். வெளியே சில்வண்டுச் சத்தம். அப்பா விழித்துக்கொண்டார். அம்மாவின் குரலில் தூங்கிப் பழகியவர், குரல் இல்லாததால் விழித்துக்கொண்டார். கடைசியில் அவரே, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். நாங்கள் சேர்ந்துகொண்டோம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் உதடு அசையவில்லை.

நான்காம் இரவு, "நீ ஜெபம் பண்ணு, எய்யா" என்றாள். எனக்குப் பண்ணத் தெரியாது. அவள் சொல்கிற மாதிரியே 'தேவரீர்' போட்டு ஒப்பேற்றினேன். நடுவில் என் தொடையில் விரலால் தட்டுவாள். "பெரியம்மா கண்ணுக்குச் சொல்." சொன்னேன். "தோர்ணக்கல்லை விட்டுவிட்டாய்." அதையும் சொன்னேன். "மழைக்குக் கேள்." கேட்டேன். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோவது அதிசயமில்லை. மாதக்கணக்கில் போகும். சோறு நேரத்துக்கு வரும், வேட்டி வெளுத்து மடிந்து இருக்கும், பிள்ளைகள்தான் தபால்காரர்கள். "உன் அப்பாவிடம் விறகு தீர்ந்துவிட்டது என்று சொல்." அந்தக் கார்காலத்தில் அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நான் தபால்காரனாக இருந்தேன் என்பது எனக்குப் புரிய இருபது வருடமாகிவிட்டது. அன்றைக்கு, நாளைக்கு ஒன்றாக அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடு மட்டும் போட்டுவந்தேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. ஒருவேளை அவள் திரும்பப் பேசும் நாளைத் தவறவிடக் கூடாது என்று இருக்கலாம்.

மற்றதெல்லாம் நடந்தது. சனிக்கிழமை கோயிலைக் கூட்டினாள். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அள்ளிக் காணிக்கைக் கலயத்தில் போட்டாள். அந்த மூன்று மாதம் பிடி கொஞ்சம் சிறுத்திருந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், பிள்ளைக்காக ஜெபித்து, பெற்ற சாமுவேலை ஆண்டவருக்கே கொடுத்த வேதத்து அன்னாளின் கதை வந்தது. எங்கள் பக்கத்துப் பிரசங்கத்தில் அன்னாள் வந்தால் அவள் பின்னாலேயே அசரியா பேராயர் பிறந்த வெள்ளாளன்விளையும் வந்துவிடும். பல வருடம் ஜெபித்துப் பெற்ற மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டு ஆண்டவருக்கே கொடுத்த தாய், அந்த மகன் 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரானது. அசரியா பேராயரின் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அம்மா என் தலையைத் தடவுவாள். அன்று தடவவில்லை. ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை அடைமழையில் ஓர் இரவு கருப்பிக்கு மறுபடி ஈற்று. குட்டி குறுக்கே கிடந்தது. வைத்தியரைக் கூப்பிட ஆறு மைல் போக வேண்டும். அப்பா ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் விளக்கு. அம்மா கையில் எண்ணெய் தடவி முழங்கை வரை விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கால் எது, கழுத்து எது என்று துழாவுகிறாள். கூரை ஒழுகி அவள் முதுகில் சொட்டுகிறது. கருப்பி கத்துவதை நிறுத்திவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அப்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? பிடியும்!"

அப்பா, "பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார்.

"உங்களைச் சொல்லவில்லை" என்றாள் அம்மா.

முதலில் இரண்டு முன்னங்குளம்பு வந்தது, பிறகு சளி மூடிய ஒரு மூக்கு. அம்மா வைக்கோலால் மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக இரண்டு வீசு வீசினாள். தும்மியது. நஞ்சுக்கொடி விழும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மழைத்தண்ணீரிலேயே கையைக் கழுவினாள். மறுநாள் இரவு நான் வாசித்து முடித்ததும் செருமல் கேட்டது. "தேவரீருடைய சமுகத்தில் அடியாள்..." அப்பா தூங்கிப்போனார். சுவரில் எண்பத்தொரு கோடு இருந்தது.

தொண்டை

இதை வைத்து நான் ஒரு கோபுரமே கட்டிவிட்டேன். கோயிலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அது இன்னும் உயர்ந்தது. வங்கி வேலை, மாற்றல், சோம்பல் என்று பல காரணம் சொல்லலாம். சரியாகச் சொன்னால் நம்பிக்கை சத்தமில்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. எங்கள் அம்மாகூட ஒருகாலம் அவரிடம் பேசவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அவளை என் கட்சியில் சேர்த்துக்கொள்ள அந்த எண்பத்தொரு கோடு போதும் என்று இருந்தது.

அப்பா போன பிறகு ஒரு தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அவித்த பனங்கிழங்கை அம்மா திண்ணையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். நடுவே கிழித்து, உள்ளே இருக்கிற பீலியை உருவி எறிந்துவிட்டு, நாரை நகத்தால் இழுத்துப் போட்டு என்னிடம் தருவாள். முப்பது வருடம் கழித்துத் துணிந்து கேட்டேன். "தங்கை போன சமயம் நீ மூன்று மாதம் ஜெபிக்கவில்லையே, ஏன்?"

"எந்த மூன்று மாதம்?" என்றாள்.

சொன்னேன். மழை, கருப்பி, எல்லாம்.

"எனக்குத் தொண்டை கட்டியிருந்தது" என்றாள். இன்னொரு கிழங்கை எடுத்துக் கிழித்தாள். நார் அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "நீ எண்ணிக்கொண்டா இருந்தாய்?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிழங்கு வாயில் மாவாக ஒட்டிக்கொண்டது. தொண்டை கட்டியவள் கோழி விரட்டியதும், என்னைத் திட்டியதும், பந்தியில் "இன்னும் கொஞ்சம் குழம்பு?" என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் பொய் சொன்னாள் என்றும் எழுத முடியவில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பது நடக்காத காரியமா?

அடக்கத்துக்குப் பிறகு அவளுடைய வேதாகமத்தை நான் எடுத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், தடயம் தேடத்தான். 39ஆம் சங்கீதத்தில் வாயைத் திறவாமல் மவுனமாய் இருந்த ஒருவனின் வசனம் உண்டு. அங்கே ஒரு பென்சில் கோடாவது இருக்கும் என்று புரட்டினேன். பக்கம் புதுசாக இருந்தது. லேவியராகமத்தில் நான்கு பக்கம் கருப்பட்டிப் பாகில் ஒட்டிக் கிடந்தன. முன்பக்க வெற்றுத்தாளில் எல்லோருடைய பிறப்பும் ஞானஸ்நானமும் இருந்தன. தங்கையின் பெயருக்கு நேரே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்' என்று தேதியோடு எழுதியிருந்தாள். தாத்தாவுக்கு எழுதிய அதே பேனா, அதே சாய்ந்த கையெழுத்து. எனக்காக எதையும் விட்டுவைக்கவில்லை.

தங்கையின் கல்லறைக்குக் கல் கிடையாது, சிமெண்ட் சிலுவைதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா அதற்குச் சுண்ணாம்பு அடிப்பாள். பதநீர்க் கலயத்துக்குத் தடவுகிற சுண்ணாம்பில் மிச்சம் வைத்ததை. முழங்கால் முடியாமல் போன பிறகும் தம்பியைச் சைக்கிளில் கொண்டுவிடச் சொல்லிப் போனாள். அங்கே என்ன செய்வாள் என்று தம்பியிடம் கேட்டேன். "புல் பிடுங்குவாள், சுண்ணாம்பு அடிப்பாள், பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாள்" என்றான். ஜெபம் பண்ணுவாளா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? நான் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன்" என்றான். அவன் கோடு போடுகிற ஆள் இல்லை.

போன வாரம் அந்த மாதிரியிலிருந்து அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். தம்பிக்குக் கோபம். ஐயர் வாயால் வந்தது, ஊரே கேட்டது, உனக்கு என்ன என்றான். என்னால் விளக்க முடியவில்லை. அவள் முறுமுறுத்தாள் என்று கல்லில் வெட்டச் சொல்லவா முடியும்? வேறு வசனம் போடலாம் என்றான், இரண்டு மூன்று சொன்னான். எல்லாம் நல்ல வசனங்கள்தான். பெயரும் வருடமும் போதும் என்றேன். கல் வெட்டுகிறவர் ஏற்கெனவே அளவெடுத்துக் கோடிழுத்து வைத்துவிட்டாராம். கீழே ஒரு வரிக்கு இடம் வெறுமனே கிடக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்றாராம். கிடக்கட்டும் என்றேன்.

அவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர். அந்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.